ஹைதர் அலி: கேஜிஎஃப் பக்கத்து ஊரில் பிறந்து, வெடிமருந்தை நம்பி ராஜ்யம் பிடித்தவர்

வார இறுதியில் சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே ரயிலில் போய்வருபவரா நீங்கள்? அப்படியென்றால் பங்காரப்பேட்டை ஸ்டேஷனைப் பல தடவை தூக்கக் கலக்கத்தில் கடந்திருப்பீர்கள். அங்கே இறங்கி வண்டி மாறினால் கோரமண்டல், ஊர்கான், சாம்பியன், மாரிகுப்பம் என்று கோலார் தங்கவயலின் ஸ்டேஷன்கள் வரிசையாக வரும். உங்கள் தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ வடாற்காட்டிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ அங்கே சுரங்க வேலைக்குப் போனவராக இருந்தால், இந்தப் பெயர்களை வீட்டில் கேட்டே வளர்ந்திருப்பீர்கள்.

அதே பங்காரப்பேட்டை தாலுகாவில், தங்கவயலுக்குக் கூப்பிடு தூரம் என்று சொல்லக்கூடிய இன்னொரு ஊர் இருக்கிறது. பூதிக்கோட்டை. பூதி என்றால் சாம்பல். நம்ம விபூதியில் இருக்கும் அதே பூதிதான். பாறைக் குன்றின் மேல் சிதைந்த ஒரு கோட்டை, கீழே சின்ன ஊர். அவ்வளவுதான். 1720-களின் தொடக்கத்தில் அங்கே பிறந்த ஒரு பையன், எழுதப் படிக்கத் தெரியாமலேயே மைசூர் ராஜ்யத்தைக் கைப்பற்றி, கிழக்கிந்தியக் கம்பெனியைச் சென்னைக்கு வெளியே வைத்துக் கையெழுத்துப் போடவைத்தான்.

ஹைதர் அலியைப் பற்றித்தான் சொல்கிறேன். வீட்டில் பழைய மிக்ஸியைப் பார்த்து ஹைதர் காலத்துச் சாமான் என்று அம்மா சொல்வாங்களே, அந்த ஹைதர்.

மகன் திப்பு சுல்தான் பற்றி ஆண்டுதோறும் சண்டை நடப்பதால் அப்பா கொஞ்சம் மறைந்துபோனார். இந்தக் கட்டுரை அப்பாவின் கதை. அதையும் வழக்கம்போல மன்னர், போர், வெற்றி என்று சொல்லாமல், தோட்டாவையும் வெடிமருந்தையும் பிடித்துக்கொண்டு சொல்லப் பார்க்கிறேன். காரணம், அவர் வாழ்க்கையின் முக்கியத் திருப்பங்களில் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஒரு தோட்டா எப்படித் தயாரானது?

அமெரிக்காவில் இன்றும் பலருக்கு இது ஒரு பொழுதுபோக்கு. சுட்டு முடித்த தோட்டாக் கூட்டை எடுத்து, வீட்டு மேஜையில் வைத்து, மறுபடி மருந்து நிரப்பிக்கொள்வார்கள். கைத்துப்பாக்கித் தோட்டாவில் ஒற்றைக் குண்டுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன ரவைகளைப் போட்டு, பண்ணையில் பாம்பு அடிக்க வைத்துக்கொள்பவர்கள் உண்டு. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். எனவே நமக்கு இது கேள்விப்படாத விஷயமாகத் தோன்றலாம்.

ஆனால் 18-ம் நூற்றாண்டில் உலகத்தில் இருந்த எல்லாத் தோட்டாக்களும் கையால் நிரப்பியவைதான். பித்தளைக் கூடு கிடையாது. தடித்த காகிதத்தைக் குச்சியில் சுருட்டி, உள்ளே ஈயக் குண்டையும் ஒரு தடவை சுடத் தேவையான மருந்தையும் வைத்து முறுக்கிக் கட்டுவார்கள். சிப்பாய் அதன் முனையைப் பல்லால் கடித்துத் திறந்து, கொஞ்சம் மருந்தைத் துப்பாக்கியின் பக்கத்துக் கிண்ணத்தில் போட்டு, மீதியைக் குழாயில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் கம்பியால் குத்தி இறக்குவான். நல்ல பயிற்சி பெற்றவன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். இந்தப் பல்லால் கடிக்கிற பழக்கம்தான் பிற்பாடு 1857-ல் கொழுப்புத் தடவிய தோட்டா விவகாரமாக வெடித்தது, நினைவிருக்கிறதா? ஹைதர் கம்பெனியோடு மோதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அமெரிக்க விடுதலைப் போரில் ஜார்ஜ் வாஷிங்டனின் வீரர்கள் ஒரு பெரிய குண்டோடு சில ரவைகளையும் சேர்த்துக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பத்தாயிரம் பேர் கொண்ட ஒரு படை, ஆளுக்கு நாற்பது முறை சுட வேண்டுமென்றால் நான்கு லட்சம் தோட்டா. அத்தனையையும் யாரோ உட்கார்ந்து சுருட்ட வேண்டும். காகிதம் வேண்டும், ஈயம் வேண்டும், நனையாமல் வைக்க இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக வெடியுப்பு வேண்டும். கரியும் கந்தகமும் வெடியுப்பும் சேர்ந்ததுதான் கருமருந்து. அதில் முக்கால் பங்கு வெடியுப்பு.

உலகத்திலேயே நல்ல வெடியுப்பு அப்போது பீகாரில் கிடைத்தது. பிளாசிப் போருக்கு அடுத்த ஆண்டே, 1758-ல், அந்த வியாபாரத்தின் ஏகபோக உரிமையைக் கம்பெனி வாங்கிக்கொண்டது. தெற்கில் உப்பு பூத்த மண்ணைக் கரைத்துக் காய்ச்சி எடுக்கிற சின்னச் சின்ன உற்பத்திதான். தமிழ்நாட்டில் உப்பிலியர் என்றும் கர்நாடகத்தில் உப்பாரர் என்றும் அழைக்கப்படும் சமூகத்தினர் செய்துவந்த தொழில் அது. கம்பெனியை எதிர்க்க நினைக்கும் எந்த உள்ளூர் ஆட்சியாளருக்கும் மருந்து எங்கிருந்து வரும் என்பதுதான் முதல் கேள்வி. ஹைதர் அதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்.

அப்பா செய்த வேலை

அது தற்செயல் இல்லை. அப்பா ஃபத்தே முகமது கோலார்க்காரர். ஆற்காட்டு நவாபின் படையில் ஐம்பது பேர் கொண்ட வாணப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் என்று சொல்லப்படுகிறது. வாணம் என்றால் இன்று நமக்குத் தீபாவளி. அன்று அது மூங்கிலில் கட்டிய போர்க்கருவி. பெரும்பாலும் சைகை கொடுக்கவும் குதிரைகளை மிரட்டவும் பயன்பட்டது. பிறகு அவர் மைசூர் உடையார்களிடம் வேலைக்குச் சேர்ந்து, பூதிக்கோட்டையை ஜாகீராகப் பெற்றார்.

ஹைதர் சின்னப் பையனாக இருந்தபோதே அவர் போரில் இறந்துவிட்டார். அப்பா வைத்துவிட்டுப் போன கடனுக்காக ஹைதரையும் அண்ணன் ஷாபாஸையும் தொட்டபல்லாபூரில் பிடித்து, நகரா முரசுக்குள் அடைத்து வதைத்ததாக ஒரு கதை உண்டு. முழுசாக நம்புவதா என்று தெரியாத அளவுக்குச் சினிமாத்தனமாக இருக்கிறது. ஆனால் ஹைதர் பிறகு அந்த ஊரைத் தேடிப் போய்ப் பிடித்த வேகத்தைப் பார்த்தால் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இவர் வாழ்க்கை பற்றி நமக்குக் கிடைக்கும் தகவல்களில் பெரும்பகுதி மூன்று வகை ஆட்களிடமிருந்து வருகிறது. ஒருவர் மைசூரில் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த மார்க் வில்க்ஸ். இன்னொருவர் அரசவையோடு நெருங்கியிருந்த கிர்மானி. மூன்றாவது, ஹைதரிடம் சம்பளம் வாங்கிய பிரெஞ்சுக்காரர்கள். எதிரி, விசுவாசி, கூலி வாங்கியவர். நான் ஒரு ஸ்பிரெட்ஷீட் போட்டு மூன்று தரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறந்த ஆண்டிலிருந்தே ஒத்துப்போகவில்லை. எனவே எண்களைப் பார்க்கும்போதெல்லாம் நீங்களும் ஒரு சிட்டிகை உப்போடு பாருங்கள். வெடியுப்பு வேண்டாம்.

திண்டுக்கல்லில் ஒரு தொழிற்சாலை

1749-ல் தேவனஹள்ளி முற்றுகை. ஆம், இன்று பெங்களூர் விமான நிலையம் இருக்கும் அந்தத் தேவனஹள்ளிதான். அதில் காட்டிய துணிச்சலைப் பார்த்து மைசூரின் உண்மையான அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த நஞ்சராஜர் இவருக்கு ஐம்பது குதிரை வீரர்களையும் இருநூறு காலாட்களையும் கொடுத்தார். முப்பதை நெருங்கும் வயதில் கிடைத்த முதல் ப்ரமோஷன்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் செஞ்சிக்குப் பக்கத்தில் ஹைதராபாத் நிஜாம் நாசிர் ஜங் கொல்லப்பட்டார். அந்தக் குழப்பத்தில் நிஜாமின் கஜானாவிலிருந்து தங்க நாணயம் ஏற்றிய ஒட்டகங்களை ஹைதரின் ஆட்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பணத்தில் அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். துப்பாக்கியும் குதிரையும் வாங்கினார். பிரெஞ்சுப் படையிலிருந்து ஓடிவந்தவர்களைக் கூலிக்குப் பிடித்துத் தன் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார்.

பிறகு திருச்சி. கோட்டையைத் தருவதாக மைசூரிடம் சொல்லி உதவி வாங்கிய ஆற்காட்டு நவாப் முகமது அலி, காரியம் முடிந்ததும் கையை விரித்தார். மலைக்கோட்டையைச் சுற்றி மைசூர்ப் படை வருடக்கணக்கில் கிடந்தது. மைசூருக்கு அதில் கிடைத்தது கடன் மட்டும்தான். ஹைதருக்குக் கிடைத்தது வேறு. ஐரோப்பியப் படைகள் எப்படி வரிசையில் நிற்கின்றன, எப்படிச் சேர்ந்து சுடுகின்றன, அவர்களுடைய மருந்து வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டார்.

1755-ல் அவரைத் திண்டுக்கல்லுக்கு ஃபௌஜ்தாராக அனுப்பினார்கள். பழனி, விருப்பாச்சி பக்கத்துப் பாளையக்காரர்களை அடக்கி வரி வசூலிக்கும் வேலை. நீங்கள் அந்தப் பாறைக்கோட்டையில் ஏறியிருக்கிறீர்களா? மேலே நின்று பார்த்தால் சுற்றிலும் எத்தனை தூரம் தெரியும் என்று தெரியும். அங்கேதான் ஹைதர் தன் வாழ்க்கையை மாற்றிய காரியத்தைச் செய்தார். ஸ்ரீரங்கப்பட்டணம், திருச்சி, புதுச்சேரி ஆகிய இடங்களிலிருந்து பிரெஞ்சுக் கைவினைஞர்களை வரவழைத்து, பீரங்கிப் பிரிவையும் ஆயுதக் கிடங்கையும் வெடிமருந்துப் பட்டறையையும் அமைத்தார்.

ஒரு மாகாண அதிகாரி, தன் சொந்த ஏற்பாட்டில், ஐரோப்பிய முறையில் மருந்து நிரப்பும் கூடத்தை நடத்துகிறார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த எஜமானர்கள் இதன் அர்த்தத்தைப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. அவர்களிடம் சம்பளம் கேட்டுப் படை தர்ணா செய்துகொண்டிருந்தது.

67-ஆ, 700-ஆ?

இந்த இடத்தில் டேட்டா ஜர்னலிஸ்ட் என்ற முறையில் எனக்குப் பிடித்த கதை ஒன்றைச் சொல்லியே ஆகணும்.

திண்டுக்கல் சண்டைகளில் காயமடைந்தவர்களுக்கு அரசு உதவித்தொகை கொடுத்தது. சரிபார்க்கத் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். உண்மையில் காயம்பட்டவர்கள் 67 பேர். அதிகாரியின் முன்னால் மஞ்சள் தடவிய கட்டுகளோடு சுமார் 700 பேர் படுத்திருந்தார்கள். எல்லோருக்கும் பணம் வந்தது. உண்மையாகக் காயம்பட்டவர்களுக்கு ஒரு பங்கு போனது, மீதி ஹைதரின் கணக்கில் சேர்ந்தது. படைத் தலைகளை எண்ணும்போதும் இதே விளையாட்டு.

இதை எழுதிவைத்தவர் வில்க்ஸ், அதாவது எதிர்த்தரப்பு. கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் அந்தப் பணம் எங்கே போனது என்று பார்த்தால் மறுபடி அதே பட்டறைக்கும் ஆட்களுக்கும்தான். இதற்கெல்லாம் கணக்கு எழுதியவர் கண்டே ராவ். ஹைதருக்கு எழுதத் தெரியாது என்பதால் கண்டே ராவ்தான் அவருடைய கையும் கண்ணும்.

1760-ல் அதே கண்டே ராவ் ராஜமாதாவோடு சேர்ந்து ஹைதரைத் தீர்த்துக்கட்டத் திட்டம் போட்டார். ஹைதர் குடும்பத்தைக்கூட விட்டுவிட்டு இரவோடு இரவாக ஸ்ரீரங்கப்பட்டணத்தைவிட்டு ஓடினார். அடுத்த ஆண்டு திரும்பிவந்து ஜெயித்தார். கண்டே ராவை உயிரோடு விடும்படி அரண்மனைப் பெண்கள் கேட்டுக்கொண்டபோது, வளர்க்கும் கிளியைப்போலப் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தாராம். வாக்குத் தவறவில்லை. இரும்புக் கூண்டில் போட்டு, பாலும் சோறும் கொடுத்தார், சாகும்வரை.

1761-லிருந்து மைசூர் அவர் கையில். உடையார் மன்னரை நீக்கவில்லை. தசராவுக்கு ராஜா தரிசனம் கொடுப்பார், நாட்டை ஹைதர் நடத்துவார். தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் எழுதக் கற்றுக்கொண்டார், அதையும் தப்பாகத்தான் எழுதுவாராம். அவர் வெளியிட்ட பொன் நாணயத்தில் ஒரு பக்கம் சிவனும் பார்வதியும், மறுபக்கம் அந்த ஒற்றை எழுத்து. படிக்காதவர், ஆனால் தமிழ் உட்பட ஐந்து மொழிகள் பேசினார்.

இரும்புக் குழாய்

அப்பாவின் வாணம் இப்போது மகனிடம் வந்து மாறியது. மூங்கிலிலும் காகிதத்திலும் மருந்து அடைத்தால் ஓரளவுக்கு மேல் அழுத்தம் தாங்காது, குழாயே கிழிந்துவிடும். மைசூர்க் கொல்லர்கள் தட்டி நீட்டிய இரும்புத் தகட்டில் குழாய் செய்தார்கள். இரும்பு கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும், எனவே மருந்தை இறுக்கி அடைக்கலாம். அதனால் அது தூரமாகப் போகும். சுமார் ஒரு பவுண்டு மருந்து அடைத்த வாணம் கிட்டத்தட்ட ஆயிரம் கஜம் போனது. பின்னால் நீளமான மூங்கிலையோ வாளையோ கட்டியிருப்பார்கள். எங்கே விழும் என்று யாருக்கும் நிச்சயம் இல்லை. அது வேலையைக் கெடுக்கவில்லை, பயத்தைக் கூட்டியது.

ஹைதர் காலத்தில் வாணப் பிரிவில் சுமார் 1,200 பேர் இருந்ததாகக் குறிப்புகள் உண்டு. திப்பு அதைப் பல மடங்காக்கினார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் மாதிரிகள் இங்கிலாந்தின் வுல்விச் ஆயுதச் சாலைக்குப் போயின. அங்கே வில்லியம் காங்கிரீவ் அதை வளர்த்தெடுத்தார். அவற்றை நெப்போலியன் மீதும் 1814-ல் அமெரிக்கர்கள் மீதும் பிரிட்டன் ஏவியது.

ஷிவமொக்கா மாவட்டத்தின் நகரா என்ற ஊரில், 2018-ம் ஆண்டு ஒரு பாழுங்கிணற்றைத் தூர் வாரும்போது துருப்பிடித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைசூர் ராக்கெட்டுகள் கிடைத்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அந்த நகராதான் பிதனூர். 1763-ல் ஹைதர் பிடித்து ஹைதர்நகர் என்று பெயர் மாற்றிய பணக்கார ஊர். பெயரில் ஹைதர் போய் நகர் மட்டும் மிச்சம்.

மாஹேயைத் தொட்டதுதான் தப்பு

கம்பெனியோடு முதல் போர் 1767-ல் தொடங்கியது. சண்டை அவருடைய சொந்த மண்ணுக்கே வந்தது. அக்டோபர் 1768-ல் கோலாருக்குப் பக்கத்து முல்பாகலில் கடும் மோதல். ஆங்கிலேயர்கள் கோலார் பக்கம் அலைந்துகொண்டிருக்கும்போதே ஹைதர் குதிரைப்படையோடு கிழக்கே இறங்கி, 1769 மார்ச்சில் சென்னையின் வாசலில் வந்து நின்றார். ஏப்ரலில் ஒப்பந்தம். யாராவது தாக்கினால் ஒருவருக்கொருவர் உதவி செய்வது என்பது அதில் ஒரு நிபந்தனை. இரண்டே ஆண்டில் மராத்தியர்கள் மைசூரைத் தாக்கியபோது கம்பெனி கண்டுகொள்ளவில்லை. ஹைதர் அதை மறக்கவே இல்லை.

1779 மார்ச்சில் கம்பெனி, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து மாஹேயைப் பிடித்தது. இன்று நமக்கு மாஹே என்றால் கேரளாவுக்கு நடுவில் இருக்கும் புதுச்சேரித் துண்டு, கூட்டம் எதற்கென்று உங்களுக்கே தெரியும். ஹைதருக்கு அது வேறு. பிரெஞ்சு ஆயுதமும் தளவாடமும் அவருக்கு வந்து இறங்கிய துறைமுகம் அது. அதைத் தொடவேண்டாம் என்று முன்பே எச்சரித்திருந்தார். வெடியுப்பு ஏகபோகம் ஏற்கெனவே எதிரியிடம், இப்போது துறைமுகமும் போச்சு. அடுத்த ஆண்டு ஜூலையில் சுமார் 80,000 பேரோடு செங்கம் கணவாய் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் இறங்கினார்.

புள்ளலூர், 1780 செப்டம்பர் 10

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளலூரைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கலாம். பல்லவரும் சாளுக்கியரும் மோதிய அதே ஊர். ஆங்கில நூல்களில் பொள்ளிலூர் என்று வரும்.

கர்னல் பெய்லி சுமார் 3,800 பேரோடு வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்தார். ஹெக்டர் மன்றோவின் பெரிய படை காஞ்சிபுரத்தில், பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில். இரண்டும் சேர்ந்துவிட்டால் ஹைதருக்குச் சிரமம். திப்பு நடுவில் புகுந்து பெய்லியை நிறுத்தினார். பிறகு ஹைதரே வந்து சூழ்ந்துகொண்டார். சதுரமாக நின்ற கம்பெனிச் சிப்பாய்கள் காலையிலிருந்து சமாளித்தார்கள். அவர்களிடம் ஒழுங்கு இருந்தது, கடித்துத் திறக்கத் தோட்டாவும் இருந்தது.

அப்போதுதான் மருந்து வண்டிகள் வெடித்தன. மைசூர் வாணம் விழுந்து வெடித்ததா, பீரங்கிக் குண்டா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். வரிசை கலைந்தது, கையிருப்பு காற்றில் போனது. மீண்டும் மீண்டும் வந்த குதிரைப்படையை மருந்தில்லாத துப்பாக்கியின் முனைக்கத்தியால்தான் தடுக்க முடிந்தது. அப்போதைக்குக் கம்பெனி இந்தியாவில் சந்தித்த மிக மோசமான தோல்வி இது. பெய்லி சரணடைந்தார், இரண்டு ஆண்டுக்குப் பிறகு ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையிலேயே இறந்தார். மன்றோ உதவிக்கு வரவில்லை. கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பிப் போனார்.

அன்று பிடிபட்டவர்களில் டேவிட் பேர்டு என்ற இளம் அதிகாரியும் உண்டு. 44 மாதம் சிறையில் இருந்தார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மீது நடந்த கடைசித் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான்.

ஸ்ரீரங்கப்பட்டணம் போனால் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தப் போர் முழுநீள ஓவியமாக இருக்கிறது. நடுவில் வண்டி வெடிக்கும் இடத்தைத் தேடிப் பாருங்கள். செல்ஃபி எடுப்பவர்கள் பெரும்பாலும் அதற்கு முதுகு காட்டி நிற்பார்கள். காகிதத்தில் வரைந்த இதன் இன்னொரு வடிவம் 2022-ல் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போனது.

சரி, தமிழ்நாட்டுக்கு அவர் யார்?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, யார் சொல்வது என்பதைப் பொறுத்தது.

சிவகங்கையில் கேட்டால் அவர் நண்பர். 1772-ல் கணவர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் கொல்லப்பட்டபின் வேலு நாச்சியார் விருப்பாச்சியில் அடைக்கலமாக இருந்தார். திண்டுக்கல்லில் ஹைதரைச் சந்தித்து உதவி கேட்டார். 1780-ல் சிவகங்கையை மீட்டபோது அவருக்குப் பின்னால் ஹைதர் கொடுத்த ஆட்களும் ஆயுதமும் இருந்தன. வாய்மொழி மரபில் வரும் குயிலியின் கதையும் மருந்துக் கிடங்கோடுதான் முடிகிறது. தன் உடம்பில் நெய் ஊற்றித் தீ வைத்துக்கொண்டு எதிரியின் கிடங்குக்குள் பாய்ந்தார் என்கிறார்கள். ஆவணத்தில் உறுதிசெய்ய முடியாத கதை. ஆனால் கிடங்கு போனால் போர் போச்சு என்பதை அன்றைய மக்கள் எவ்வளவு தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்கள் என்று காட்டுகிறது.

தஞ்சாவூர்ப் பக்கம் கேட்டால் ஹைதர் கலாபம் என்பார்கள். 1780-ல் இறங்கிய படை, கம்பெனிக்கு ஒரு மூட்டை நெல்கூடக் கிடைக்கக் கூடாது என்று வழியெங்கும் எரித்துக்கொண்டே போனது. ஏரிகளும் வாய்க்கால்களும் பாழாயின. கைவினைஞர்களும் மாடுகளும் மைசூருக்கு ஓட்டிச் செல்லப்பட்டனர். சென்னைக்குள் அகதிகள் குவிந்தார்கள், 1782-ல் பஞ்சம் வந்தது. ராணுவக் கணக்கில் இது தந்திரம். எரிந்த குடிசையில் இருந்தவருக்கு அந்தக் கணக்கு தேவையே இல்லை. அவரை நாயகனாக்கும் கட்டுரைகள் இந்தப் பகுதியை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. வில்லனாக்குபவர்கள் ஆற்காட்டு நவாபும் அவருக்குக் கடன் கொடுத்த ஆங்கிலேயர்களும் அதே விவசாயியை ஏற்கெனவே எப்படிப் பிழிந்துகொண்டிருந்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. என் பார்வையில், பக்கத்து ராஜ்யத்து மக்களைத் தன் போருக்கு விறகாக்கிய கொடுமையை அவருடைய கம்பெனி எதிர்ப்பு கழுவிவிடாது. இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

புள்ளலூர் வெற்றியும் நீடிக்கவில்லை. வங்காளத்திலிருந்து அயர் கூட் வந்தார். 1781 ஜூலையில் பரங்கிப்பேட்டை, ஆகஸ்டில் மறுபடி அதே புள்ளலூர், செப்டம்பரில் சோளிங்கர். மூன்றிலும் ஹைதர் பின்வாங்கினார். நிலத்தில் எத்தனை முறை ஜெயித்தாலும் கம்பெனிக்குக் கடல் வழியாக ஆளும் மருந்தும் வந்துகொண்டே இருந்தது. தன்னிடம் இல்லாதது கடற்படைதான் என்று கடைசிக் காலத்தில் அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பிரெஞ்சுக் கப்பற்படைத் தளபதி சுஃப்ரேனை அவர் அவ்வளவு எதிர்பார்த்துக் காத்திருந்ததும் அதனால்தான்.

பெட்டியில் வந்த உடல்

முதுகில் ராஜபிளவை. பாளையத்தில் இருந்த எந்த வைத்தியராலும் குணப்படுத்த முடியவில்லை. 1782 டிசம்பர் 7-ம் தேதி, சித்தூருக்குப் பக்கத்து நரசிங்கராயன்பேட்டை முகாமில் ஹைதர் இறந்தார். வயது அறுபதைச் சுற்றி.

திப்பு அப்போது மலபாரில். செய்தி வெளியே போனால் படை கலைந்துவிடும் என்று பூர்ணையாவும் மற்ற அதிகாரிகளும் மறைத்துவிட்டார்கள். முகாம் வழக்கம்போல நடந்தது. உடலை வாசனைத் திரவியங்களோடு ஒரு பெட்டியில் வைத்து, கொள்ளையில் கிடைத்த விலையுயர்ந்த பொருளை அனுப்புவதுபோலக் காவலோடு அனுப்பிவைத்தார்கள். எங்கே தெரியுமா? கோலாருக்கு. அப்பா ஃபத்தே முகமதின் சமாதிக்கு. சில வாரங்களில் திப்பு வந்து பொறுப்பேற்றார். பிறகுதான் உடல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கட்டப்பட்ட கும்பஸுக்கு மாற்றப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் இன்று பார்ப்பது அந்த இரண்டாவது இடத்தை.

கோலார் நகரில் அந்தக் குடும்ப மக்பரா இன்றும் இருக்கிறது. அங்கிருந்து தங்கவயலுக்கு இன்னொரு நூலும் ஓடுகிறது. 1799-ல் திப்பு விழுந்தபின், மைசூரின் கிழக்கு எல்லையை அளக்கக் கம்பெனி ஆள் அனுப்பியது. 1802-ல் அந்த வேலையில் இருந்த லெஃப்டினன்ட் ஜான் வாரன், மாரிகுப்பம் பக்கத்துக் கிராமத்தார் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதைக் கேள்விப்பட்டு, எடுத்துக் காட்டுபவர்களுக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். வண்டி வண்டியாக மண் வந்தது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தைத் தொடங்க, உங்கள் கொள்ளுத் தாத்தா மூட்டை கட்டினார். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது.

அடுத்த முறை பங்காரப்பேட்டையில் இறங்கினால் பூதிக்கோட்டைக்கு பஸ் கிடைக்கும். கோட்டை ஏற அரை மணி நேரம் போதும், தண்ணீர் மட்டும் கையோடு கொண்டுபோங்க.